வராத வரி, போகாத சுவர்

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை எல்லோருக்கும் தெரியும். 1940-இல் கட்டி முடித்தது. அந்த முனைக்குப் பேர் வந்ததே அங்கே இருந்த பாரி கம்பெனியால்தான். அந்தக் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழைய தூண் நிற்பது மட்டும் அவ்வளவு பேருக்குத் தெரியாது. கீழே அகன்று மேலே போகப்போகக் கூம்பும் தூண். 1773 ஜனவரி 1 என்று தேதி போட்டு இப்படி ஆறு தூண்கள் நட்டார்கள். ஐந்து போய்விட்டன. மிச்சம் இது ஒன்றுதான்.

பார்க்கிறவர்கள் யாரோ ஒரு துரைக்கு வைத்த நினைவுத்தூண் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். இது கோட்டையின் ஓர் உறுப்பு. மதிலும் அகழியும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். இந்தத் தூண்களுக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவே யாரும் வீடு கட்டக்கூடாது, கடை போடக்கூடாது, எதுவும் எழும்பக்கூடாது என்பதற்கான எல்லைக்கல். 18-ஆம் நூற்றாண்டில் கோட்டை என்றால் பாதி சுவர், பாதி வெட்டவெளி. மதில்மேல் நிற்கும் பீரங்கிக்காரனுக்கு எதிரே வருகிறவன் தெரிய வேண்டும். நடுவில் ஒரு ஓட்டு வீடு இருந்தால் போதும், அதன் பின்னால் எதிரி தன் பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொள்வான்.

இந்தப் பாடத்தை ஆங்கிலேயர்கள் அடிபட்டுத்தான் கற்றார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது, கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி ஒரு முழு ஊர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். நெசவாளிகள், வண்ணமிடுகிறவர்கள், துபாஷிகள், கோமுட்டிச் செட்டிமார்கள் எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர். பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். 1749-இல் ஒப்பந்தப்படி ஊரைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் மீதியை இடித்து முடித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு எதிரிகளுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இடித்தவற்றில் பட்டணத்தின் பெரிய கோயிலும் உண்டு. இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. 1757-இல் போனது. கம்பெனிக்கு வெடிமருந்து செய்துகொடுத்த நாகபட்டன் என்பவர் அதைக் கட்டியதாகச் சொல்வார்கள். மருந்து செய்தவர் கட்டிய கோயில் பீரங்கிக்கு வழிவிட்டு இடிபட்டது. அதற்கு ஈடாகக் கம்பெனி கொடுத்த நிலத்தில், மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியில் எழுந்தவைதான் பூக்கடைப் பக்கம் இருக்கும் சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் இரட்டைக் கோயில்கள். பூக்கடையில் சாமி கும்பிடப் போகிறவர்கள், ஒரு வகையில், கோட்டைக் கட்டுமானத்தின் பின்விளைவைத்தான் கும்பிடுகிறார்கள்.

வெட்டவெளிக்கு எஸ்பிளனேடு என்று பேர் வந்தது. ஊர் வடக்கே நகர்ந்து புதிய கறுப்பர் பட்டணம் ஆனது. 1758 டிசம்பரில் லாலி படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது இந்தப் புதிய ஊர்தான் முதலில் அவர் கையில் சிக்கியது. 1759 பிப்ரவரியில் கப்பல்கள் உதவிக்கு வந்து முற்றுகை விலகும்வரை ஊர் கொள்ளைக்காடாகக் கிடந்தது. கோட்டை தப்பியது, ஊர் தப்பவில்லை. அதற்குப் பிறகு 1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர் ஓரம் வரை வந்து போனது. 1769-இல் ஹைதரே நேரில் வந்து, வாசலில் உட்கார்ந்து, கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனார். அப்போதுதான் ஊருக்கும் ஒரு சுவர் வேண்டும் என்ற பேச்சு வேகம் பிடித்தது.

கிழக்கே கடல். தெற்கே கோட்டையின் பீரங்கிகள். எனவே வடக்கிலும் மேற்கிலும் சுவர். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. இந்த ஆளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். 1764-இல் கம்பெனியின் கட்டட வேலைக்காரராக வந்து, கான்ட்ராக்டராக மாறி, ஆற்காட்டு நவாபு முகமது அலிக்குக் கடன் கொடுத்தே கோடீஸ்வரர் ஆனவர். சேப்பாக்கம் அரண்மனையையும் இவர் கட்டியதாகத்தான் சொல்கிறார்கள். 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது கிழித்துத் தோரணம் கட்டியது முக்கியமாக இவரைத்தான். கடைசியில் 1810-இல் பாரீஸில் கையில் காசில்லாமல் செத்தார். சாலைக் கான்ட்ராக்டு, பாலக் கான்ட்ராக்டு என்று நாம் இன்று பேப்பரில் படிக்கிற கதைகளுக்கெல்லாம் இவரை மூலவராக வைக்கலாம்.

சுவர் கட்டியாயிற்று. பணம்? ஊருக்காகக் கட்டிய சுவர், ஊர்க்காரர்களே வரி கட்டட்டும் என்றது கம்பெனி. ஆனால் அப்படி ஒரு வரியைப் போட கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பதில் சிக்கல். இழுத்தடித்து இழுத்தடித்து, அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை. மேற்குச் சுவர் பிற்பாடு போய்விட்டது. வசூலாகாத வரி மட்டும் சாலையின் பெயராக நின்றுவிட்டது: வால்டாக்ஸ் ரோடு. இப்போது அதிகாரபூர்வப் பெயர் வ.உ.சி. சாலை. ஆட்டோக்காரரிடம் வ.உ.சி. சாலை என்றால் "எந்த ஏரியா சார்?" என்பார்.

அதேபோல யானைகவுனி. கவுனி என்றால் கோட்டை வாசல். பேச்சில் யாரும் இன்று அந்தப் பொருளில் அதைச் சொல்வதில்லை. யானைகவுனி மேம்பாலம், யானைகவுனி போலீஸ் ஸ்டேஷன் என்று சொல்கிறோமே, வாசல் எங்கே என்று கேட்கத் தோன்றுவதில்லை. சுவரில் இருந்த வாசல்களில் ஒன்று அது.

இந்தச் சுவரை எதிரி ஒருவரும் முற்றுகையிட்டு மோதவில்லை. 1780-இல் ஹைதர் மறுபடி இறங்கியபோது சுற்றுவட்டாரத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்ளே ஓடிவந்தார்கள், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அது செய்த வேலை உள்ளே, வெளியே என்று பிரித்ததுதான். துணி வெளுக்கப் பரந்த வெளி தேவைப்பட்டவர்களின் வண்ணாரப்பேட்டை வெளியே, துணியை வாங்கி விற்றவர்கள் உள்ளே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவர் வேண்டாத பொருளாகி, துண்டுதுண்டாக இடிபட்டது. வடக்கே பழைய ஜெயில் ரோடு ஓரம் ஒரு துண்டு மட்டும் தப்பியது. இன்று அதன் தலையில் மாநகராட்சிப் பூங்கா. மாடிப் பூங்கா என்று பெயர். சுவருக்கு மேலே மண் போட்டு மரம் வளர்க்கிற அளவுக்கு அது தடிமன்.

என் ஊர் பிரம்மதேசம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிறது. மெட்ராஸ் சுவரைப் பற்றி எழுத உனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். உப்பு வந்தது. மரக்காணத்து அளங்களில் பாத்தி கட்டி வாரிய உப்பு மெட்ராஸுக்குப் போன வழி பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்திலிருந்து கரையோரமாகவே வந்து அந்தக் கால்வாய் தெற்கே முடிகிற இடம் மரக்காணம்தான். "அப்போல்லாம் உப்பு படகுல போவும். கரையில நாலு பேரு கயிறு கட்டி இழுத்துக்கிட்டே நடப்பானுங்க. பட்டணம் போயி சேர எத்தினி நாளு ஆவுமோ, யாருக்குத் தெரியும்" என்று தாத்தா சொல்லுவார். அவரும் அவர் அப்பா சொல்லக் கேட்டவர்.

அந்தக் கால்வாயின் மெட்ராஸ் பகுதி 1806-இல் பாசில் காக்ரேன் வெட்டியது. எண்ணூர் வரை போனது. பிறகு பல கட்டமாக நீண்டு, 1877-78 பஞ்ச காலத்தில் பட்டினி கிடந்தவர்களை மண் வெட்ட வைத்து அடையாறையும் கூவத்தையும் இணைத்தபோது வடக்கும் தெற்கும் ஒன்றானது. அப்போதைய கவர்னர் பெயர் பக்கிங்காம் பிரபு, அவர் பெயரே வைத்துவிட்டார்கள். காக்ரேன் வெட்டிய வாய்க்கால் போன இடம் எது தெரியுமா? மேற்குச் சுவருக்கு வெளிப்புறம். அதாவது வால்டாக்ஸ் ரோட்டுக்குப் பக்கத்தில். அங்கேதான் சால்ட் கோட்டர்ஸ் என்ற ரயில்வே சரக்கு நிலையம் இருக்கிறது. அது குவார்ட்டர்ஸ் கிடையாது. கொட்டாரம் என்ற நம் சொல்லை வெள்ளைக்காரன் எழுதியது. உப்புக் கொட்டாரம். எங்கள் ஊர்ப்பக்கத்து உப்பு, வசூலாகாத வரிக்குப் பெயர் பெற்ற தெருவின் பக்கத்தில் குவிந்து, ஒழுங்காக வசூலான உப்பு வரியைக் கட்டிவிட்டு ஊருக்குள் போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. எயில் என்றால் மதில். கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் குறிப்பில் வரும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் இதே இடத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். சோ என்றாலும் மதில்தான். ஆக, தமிழிலும் கிரேக்கத்திலும் மதிலூர் என்று பேர் வாங்கிய ஊர். போய்ப் பாருங்கள், உப்பளமும் வானமும்தான் தெரியும். ஒரு முழம் சுவர் கிடையாது.

மதில் பார்க்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வடக்கே, கடப்பாக்கம் தாண்டி ஆலம்பரைக்குப் போக வேண்டும். 1730-களின் பின்பாதியில், ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலி காலத்தில் எழுந்த கோட்டை. கடலும் கழியும் சந்திக்கிற இடம். துணி, உப்பு, நெய் எல்லாம் ஏற்றுமதியான துறை. நாணயச் சாலையும் இருந்தது. 1750-இல் முஸாபர் ஜங் அதைத் தூப்ளேக்குப் பரிசாகக் கொடுத்தார். பத்து வருஷம் பிரெஞ்சுக் கொடி. 1760-இல் ஆங்கிலேயர்கள் பிடித்து உடைத்தார்கள். அடுத்த வருஷம் பாண்டிச்சேரியின் லூயி கோட்டையும் அதே கதிக்கு ஆளானது. பாண்டிச்சேரியில் மதில் இருந்த கோடாவது முட்டை வடிவப் பூல்வார் சாலைகளாக மிஞ்சியது. ஆலம்பரையில் மிஞ்சியது செங்கல் சுவர்களே. மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. துறையின் பலகையும் இருக்கிறது. 2004 சுனாமி அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது.

இப்போது வெளியூர்க் கதை கொஞ்சம். ரோமில் தெர்மினி ரயில் நிலையத்தின் அடித்தளத்தில் ஒரு மெக்டொனால்ட்ஸ் உண்டு. அங்கே பர்கர் தின்கிறவர்களுக்கு நடுவே கி.மு. 4-ஆம் நூற்றாண்டு மதிலின் கற்கள் நிற்கின்றன. லண்டனில் லண்டன் வால் என்ற சாலைக்கு அடியில் ஒரு கார் பார்க்கிங். வரிசையாகக் கார்கள், நடுவில் ரோமானியர்கள் கி.பி. 200 வாக்கில் கட்டிய சுவர், மறுபடி கார்கள். அதே சுவரின் இன்னொரு துண்டு வைன் தெருவில் மாணவர் விடுதி ஒன்றின் அடியில் இருக்கிறது. 2023-இல் பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கத் திறந்தார்கள். பாரீஸில் 1980-களில் லூவ்ரை விரிவாக்கத் தோண்டியபோது பழைய கோட்டையின் அடிச்சுவரும் அகழியும் வெளிப்பட்டன. இன்று அவற்றின் ஓரமாக நடந்துதான் மேலே ஓவியம் பார்க்கப் போகிறார்கள்.

வெள்ளைக்காரனுக்குப் பழமை மேல் பாசம் அதிகம், நமக்கு இல்லை என்று இதை முடித்துவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1989-இல் லண்டனில் ஓர் ஆபீஸ் கட்டத் தோண்டியபோது ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்தது. அதைக் காப்பாற்ற நடிகர்களும் ஜனங்களும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. பாசம் தானாகச் செய்திருந்தால் அவர்கள் இறங்க வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சண்டைக்கு மறு வருஷம், 1990-இல், இங்கிலாந்து அரசு ஒரு வழிகாட்டு ஆணை கொண்டுவந்தது. கட்டட அனுமதி கேட்கும்போதே மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏதாவது இருந்தால் அதை ஆய்வு செய்யும் செலவு கட்டுகிறவருடையது. கட்டடத்தின் வரைபடத்தை மாற்றி அதை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்பதும் பேச்சுவார்த்தையில் உண்டு. கட்டுகிறவர்களும் விவரமானவர்கள்தான். பழைய சுவர் உள்ள கட்டடம் என்று விளம்பரம் செய்து வாடகையில் எடுத்துவிடுவார்கள்.

நம்முடைய சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. 1958-ஆம் வருஷத்து மத்திய சட்டம், அதற்கு 2010-இல் வந்த திருத்தம்: பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். ஒரு வட்டம் போட்டு, உள்ளே வராதே என்கிற சட்டம். பட்டியலில் இருக்கிற சின்னத்துக்கு இது நல்ல வேலி. ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்று, நாளைக்கு மண்ணடியில் யாரோ ஒருவர் லிஃப்டுக்குக் குழி தோண்டும்போது கிளம்பினால்? 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. செங்கல் சுவர் புதையலா? கான்ட்ராக்டருக்குத் தெரிந்ததெல்லாம், ஆபீசர்கள் வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் வட்டி ஏறும் என்பதுதான். சொல்கிறவருக்கு நஷ்டம், சொல்லாதவருக்கு லாபம் என்று ஒரு சட்டம் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வேலை செய்யும். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன். மெட்ரோ ரயில் சுரங்கமே மண்ணடிக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே அந்த வடக்குச் சுவர் ஓடிய கோட்டைக் கடந்துதான் போகிறது. ஸ்டேஷனில் அதைச் சொல்ல ஒரு படமாவது மாட்டலாம். சுவரைக் காட்ட முடியாவிட்டாலும் கோட்டைக் காட்டலாமே.

எங்கள் மென்பொருள் தொழிலில் பழைய நிரலில் ஒரு பத்து வரி கிடக்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். ஆனாலும் யாரும் நீக்க மாட்டார்கள், ஏனென்றால் எதுவோ ஒன்று இன்னும் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சுவர்களிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் நாயக்கர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரிவாக்கினார். இடித்துத் தூர்த்தால் அந்த இடம் உனக்கு என்று ஜனங்களுக்குச் சொன்னார். வேலையை மேற்பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் வீதிகளாக இருக்கிறார்கள், கலெக்டருக்கு விளக்குத்தூண். அந்த ஊரில் மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் என்று ஒன்று நிற்கிறது. பழைய மதிலின் வாசல், இடிக்காமல் விட்ட வாசல். பெயரிலேயே கணக்கு இருக்கிறது.

பழைய ஜெயில் ரோட்டுத் துண்டும் ஏதோ ஒரு வகையில் உபயோகப்பட்டதால்தான் நின்றது. சுவரின் உட்பக்கத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் உண்டு. எதையாவது போட்டு வைக்கலாம், யாராவது படுக்கலாம். பிறகு மேலே பூங்கா வந்தது. நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். படியேறினால் வேப்பமர நிழலில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செல்போனில் யாரிடமோ தவணை பற்றிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். கீழே லோடு லாரிகள். ஹைதர் அலிக்காகக் கட்டிய சுவர் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் சொன்னேன். "அப்பிடியா? நான் தண்ணி டேங்க்னு நெனச்சேன்" என்றார். தினமும் வருகிறவர் அவர். மாநகராட்சி அங்கே பெரிதாக ஒரு பலகை வைத்தால் நல்லதுதான். வைக்காவிட்டாலும் அவர் வருவார், காற்று வருகிறது.

ஆலம்பரைக்கு அப்படி ஒரு உபயோகம் இல்லை. சனி ஞாயிறில் கார்களில் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். கடைசியாகப் போனபோது குப்பத்தில் ஓர் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். ஹாலோ பிளாக்கில் கட்டிய புது வீடு, மேலே கான்கிரீட் தளம். வாசற்படி மட்டும் தட்டையான, மெல்லிய, பழங்காலத்துச் செங்கல். சுண்ணாம்புக் காரை அப்படியே ஒட்டியிருந்தது.

"இது கோட்டைக் கல்லு மாதிரி இருக்கேக்கா?"

"ஆமா தம்பி. எங்க மாமனாரு காலத்துல எடுத்தாந்து போட்டது. பழைய வூட்ட பிரிச்சப்போ மேஸ்திரி இத தூக்கிப் போட்டுடுன்னாரு. நான்தான் வேணாம்னேன். உப்புக் காத்துல மத்ததெல்லாம் உதுந்துடுது. இது ஒண்ணுதான் அப்பிடியே இருக்குது."

எத்தனை கல் என்று எண்ணினேன். பதினேழு இருந்தன. இரண்டு படிக்கும் சேர்த்து.